கயிறு தெரியும் வானம்

1

ஃபெல்லினியின் ‘லா டோல்சே வீடா’ (1960) வசனத்தோடு தொடங்குவதில்லை, இரைச்சலோடு தொடங்குகிறது. ரோம் நகரின் விளிம்பில் ஒரு பழங்கால நீர்ப்பாலத்தின் இடிபாடுகள். அவற்றின் மேலே ஒரு ஹெலிகாப்டர். அதன் வயிற்றிலிருந்து இறங்கும் வடத்தில் கைகளை விரித்தபடி ஒரு கிறிஸ்து சிலை தொங்குகிறது. பின்னாலேயே இன்னொரு ஹெலிகாப்டரில் பத்திரிகையாளன் மார்செல்லோவும் புகைப்படக்காரன் பாப்பராஸோவும். கீழே சிறுவர்கள் ஓடி வருகிறார்கள். புதிதாகக் கட்டப்படும் அடுக்குமாடிகளின் சுவரில் சிலையின் நிழல் ஏறிப்போகிறது. மொட்டை மாடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்று கையாட்டுகிறார்கள். சிலையை எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்கிறார்கள். மார்செல்லோ பதிலுக்கு அவர்களுடைய தொலைபேசி எண்ணைக் கேட்கிறான். சத்தத்தில் எதுவும் சரியாகக் கேட்பதில்லை. கையை ஆட்டி, சிரித்து, விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இந்தக் காட்சியைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. பழைய ரோமும் புதிய ரோமும், கடவுளும் கேளிக்கையும் என்றெல்லாம். வத்திக்கானின் நாளிதழ் படத்தைக் கடுமையாகக் கண்டித்தது. அந்த வாசிப்புகளில் குறையொன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் என் கண் போய் நிற்பது அந்த வடத்தின் மேல்தான். ஃபெல்லினி நினைத்திருந்தால் சட்டகத்தைக் கொஞ்சம் கீழே இறக்கி வடத்தை வெட்டிவிட்டிருக்கலாம். அப்போது ரோமின் மேலே தானாகப் பறந்து வரும் ஒரு கிறிஸ்து கிடைத்திருப்பார். பக்திப்படம் எடுப்பவர் அதைத்தான் செய்திருப்பார். ஃபெல்லினி ஹெலிகாப்டரையும் வடத்தையும் சிலையையும் ஒன்றாகக் காட்டுகிறார். உடன் வரும் இரண்டாவது ஹெலிகாப்டரையும் காட்டுகிறார். அதாவது, இதைச் செய்தியாக்கி விற்கப்போகிறவனையும் சேர்த்து.

வானத்தில் இழுத்துச் செல்லப்படும் பொருட்களை, அதாவது விளம்பரத் துணிகளை, பெரிய கொடிகளை, சிலைகளை, கொஞ்ச காலமாகப் பிரதிகளாகப் படித்துப் பார்க்கிறேன். கவிதையைப் படிப்பதுபோல, நாவலைப் படிப்பதுபோல. இதெல்லாம் ஒரு பிரதியா, இதுக்கு ஒரு விமர்சனமா என்று கேட்கலாம். பல ஆயிரம் பேரை ஒரே நேரத்தில் தலை நிமிர வைக்கிற ஓர் எழுத்து விமர்சனத்துக்கு அப்பாற்பட்டது என்றால் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. இந்த வாசிப்பில் எனக்குக் கிடைத்த அளவுகோல் ஒன்றுதான்: கயிறு தெரிகிறதா? தூக்குகிற இயந்திரத்தையும் கட்டியிருக்கும் கயிற்றையும் சேர்த்துக் காட்டும் படைப்பு நம்மை வாசகராக நடத்துகிறது. அதை மறைப்பது நம்மைக் கூட்டமாக நடத்துகிறது.

2

முதலில் இது எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். படித்தது பொறியியல், அந்தப் புத்தி போகாது.

விளம்பரத் துணியை இழுக்க உலகெங்கும் அதிகம் பயன்படுவது சிறிய ஒற்றை இன்ஜின் விமானங்கள். அவை துணியோடு ஓடுபாதையில் ஓடி மேலே கிளம்புவதில்லை. விமானம் வெறுமனே கிளம்பி, ஒரு கொக்கியைத் தொங்கவிட்டபடி தாழப் பறந்து வரும். தரையில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே கயிற்று வளையம் ஒன்றைக் கட்டி வைத்திருப்பார்கள். கொக்கி அதைக் கவ்விய நொடியில் விமானி மூக்கைச் செங்குத்தாக உயர்த்துவார். தரையில் கிடந்த எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து பின்னால் போகும். வேலை முடிந்ததும் துணியை மைதானத்தில் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். எழுத்து ஒவ்வொன்றும் ஐந்தடி, ஏழடி உயரம் இருக்கும். வாசகம் நீள நீளக் காற்றின் இழுவை கூடும். ஆகவே சொல்லச் சொல்ல இன்ஜின் திணறும். சுருக்கமாக எழுது என்று சொல்ல அங்கே ஆசிரியர் தேவையில்லை, காற்றே போதும்.

ஹெலிகாப்டரின் கதை வேறு. அதன் வயிற்றில் சரக்குக் கொக்கி ஒன்று இருக்கும். அதிலிருந்து வடம். வடத்தோடு சேர்த்துக் கட்டப்பட்ட துணியின் முன்விளிம்பு. அந்த விளிம்பின் அடியில் ஒரு கனமான எடை. இந்த எடைதான் முழு வித்தையும். அது இல்லாவிட்டால் துணி காற்றில் மேலெழும்பிச் சுருண்டுவிடும், வால் பக்கத்துச் சுழலியை எட்டினால் கதை முடிந்தது. வடம் எவ்வளவு சாயும் என்பதை இரண்டு விசைகள் தீர்மானிக்கின்றன: கீழே இழுக்கும் எடை, பின்னால் தள்ளும் காற்று. வேகத்தை இரட்டித்தால் காற்றின் விசை நான்கு மடங்காகும். வேகமாகப் போனால் துணி படுத்துவிடும், கீழே நிற்பவருக்குக் கொடியும் தெரியாது, எழுத்தும் தெரியாது. ஆகவே ஹெலிகாப்டர் மெதுவாக, கிட்டத்தட்ட ஊர்வலம்போலப் போகிறது. அந்தக் கம்பீரத்தை நாம் மரியாதை என்று புரிந்துகொள்கிறோம். உண்மையில் அது இழுவை விசையின் கணக்கு.

இன்னொரு நுணுக்கம். துணியின் முன்பகுதி இயந்திரத்தின் பக்கம் இருக்கிறது. தமிழ், ஆங்கிலம் போல இடமிருந்து வலமாகப் படிக்கும் மொழி என்றால் முதல் எழுத்து இயந்திரத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். அப்படியானால் படிப்பவருக்கு அது வலமிருந்து இடமாகப் பறக்க வேண்டும், அவர் அதன் இடப்பக்கத்தில் இருக்க வேண்டும். மைதானத்தைச் சுற்றுகிற விமானம் இடப்பக்கமாகவே வளைந்து சுற்றுவது இதனால்தான். உருது வாசகம் என்றால் இதெல்லாம் அப்படியே தலைகீழாகும். மறுபக்கத்தில் நிற்பவருக்கு எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பித்தான் தெரியும். எல்லோருக்கும் பொதுவானது என்று நாம் நினைக்கிற வானத்து வாசகம்கூட ஒரு பக்கத்து ஆட்களுக்காக எழுதப்பட்டதுதான்.

கடைசியாக ஒன்று. விமானமோ ஹெலிகாப்டரோ, அந்தக் கொக்கியை விமானி உள்ளிருந்தே விடுவிக்க முடியும். இன்ஜின் தடுமாறினால் முதலில் கழற்றிவிடப்படுவது வாசகம்தான். பக்கத்தைத் திருப்ப முடியாத, பதில் சொல்ல முடியாத, கண்ணை மூடினாலும் சத்தத்தால் தட்டி எழுப்புகிற ஒரு பிரதி, ஆபத்து என்றால் கைவிடப்படும் முதல் சுமை. நான் வேலை செய்யும் துறையில் கைப்பேசித் திரையின் மேலே வந்து விழுகிற அறிவிப்புப் பட்டைக்கும் ‘பேனர்’ என்றுதான் பெயர். அதை விரலால் தள்ளிவிடலாம். வானத்தில் வருவதை எந்த விரலால் தள்ளுவது?

3

இந்தக் கேள்வியை இலக்கியத்தில் மிகக் கூர்மையாகக் கேட்டவர் வர்ஜீனியா வுல்ஃப். ‘மிஸஸ் டாலோவே’ 1925இல் வந்தது. கதை நடப்பது 1923 ஜூனில் ஒரு நாள். அதற்கு முந்தைய ஆண்டுதான் லண்டன்காரர்கள் எப்சம் குதிரைப் பந்தய நாளில் வானத்தில் புகையால் ஒரு நாளிதழின் பெயர் எழுதப்படுவதைப் பார்த்திருந்தார்கள். அதாவது புத்தம் புதிய விளம்பர உத்தி. வுல்ஃபின் விமானம் துணியை இழுக்கவில்லை, புகையை விடுகிறது. ஆனால் பேனர் இழுக்கும் விமானத்துக்கு அது நெருங்கிய உறவு. இரண்டுக்கும் காகிதம் வானம், எழுதுகோல் இன்ஜின்.

நாவலில் விமானம் வருவதற்கு முன்னால் ஒரு கார் வருகிறது. உள்ளே இருப்பது அரசியா, இளவரசரா, பிரதமரா, யாருக்கும் தெரியவில்லை. திரை போட்டிருக்கிறது. தெருவே விறைத்து நிற்கிறது. அரண்மனை வாசலில் ஏழைபாழைகள் கூடிக் காத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் மேலே விமானத்தின் சத்தம். எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். ஒருவர் ஒரு பெயரைப் படிக்கிறார், அடுத்தவர் இன்னொன்றை. கடைசியில் அது ஏதோ டாஃபி மிட்டாய் விளம்பரம் என்று ஒருவர் முடிவுக்கு வருகிறார். இதற்கிடையில் அந்த மகத்தான கார் அரண்மனைக்குள் நுழைந்துவிடுகிறது. ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை.

அரசு, விளம்பரம் இரண்டும் ஒரே கழுத்துக்காகப் போட்டியிடுகின்றன என்பதை இதைவிடச் சிக்கனமாக யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. அரசனுக்காக நின்ற கூட்டத்தை மிட்டாய் தட்டிக்கொண்டு போகிறது. வுல்ஃப் அதைக் கேலியாக மட்டும் விட்டுவிடவில்லை என்பதுதான் முக்கியம். அதே விமானத்தைப் பூங்காவில் உட்கார்ந்திருக்கும் செப்டிமஸும் பார்க்கிறான். முதல் உலகப் போரில் நண்பனை இழந்து, மனம் சிதைந்தவன். வெளியுலகத்தில் கவனம் செலுத்த வை என்று மருத்துவர் சொன்னதால் அவன் மனைவி லுக்ரேசியாதான் விமானத்தைக் காட்டுகிறாள். அவனால் அந்த எழுத்துகளைப் படிக்க முடியவில்லை. ஆனால் யாரோ தனக்குச் சைகை காட்டுகிறார்கள் என்று நம்புகிறான். அந்த அழகில் அவனுக்குக் கண்ணீர் வருகிறது.

மிட்டாய் விளம்பரத்தைப் பார்த்து அழுகிறவனை என்ன செய்வது? ஏமாந்தவன் என்று சொல்லிக் கடந்துபோவது சுலபம். வுல்ஃப் அப்படிச் சொல்வதில்லை. புகையின் அழகு உண்மை, அவனுடைய கண்ணீரும் உண்மை, அனுப்பியவனுக்கு இவன் யாரென்றே தெரியாது என்பதும் உண்மை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். வானத்து எழுத்தைப் பற்றி இதற்குப் பிறகு எழுதுகிற யாரும் இந்த மூன்றில் ஒன்றையும் விட்டுவிடக் கூடாது. நானும்தான்.

4

வுல்ஃபிடம் அரசும் விளம்பரமும் ஒரே காலைப்பொழுதில் மோதுகின்றன. வோல்ஃப்காங் பெக்கரின் ‘குட் பை, லெனின்!’ (2003) படத்தில் ஒன்று கிளம்புகிறது, இன்னொன்று வந்து சேர்கிறது.

கிழக்கு பெர்லினில் ஒரு தாய் மாரடைப்பு வந்து கோமாவில் விழுகிறாள். அவள் கண் திறப்பதற்குள் சுவர் இடிந்துவிடுகிறது. அதிர்ச்சி தாங்க மாட்டாள் என்பதால் மகன் அலெக்ஸ் ஓர் அறைக்குள் அந்தப் பழைய நாட்டை உயிரோடு வைத்திருக்கிறான். பழைய ஊறுகாய்ப் பாட்டில்களைத் தேடிப் பிடிக்கிறான், பொய்ச் செய்தி நிகழ்ச்சி தயாரிக்கிறான். ஒருநாள் எதிர்க் கட்டடத்தின் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு பிரம்மாண்டமான கோக-கோலா பேனர் விரிகிறது. அம்மாவின் ஜன்னலுக்கு நேராக. அதற்கும் ஒரு பொய்ச் செய்தி தயாராகிறது: அந்தப் பானமே சோஷலிச நாட்டின் கண்டுபிடிப்பாம்!

பிறகு, மகன் அசந்து தூங்கும் நேரத்தில், தாய் எழுந்து தெருவுக்கு வருகிறாள். ஒரு ஹெலிகாப்டர் லெனின் சிலையின் மேல்பாதியைத் தூக்கிக்கொண்டு தாழப் பறந்து வருகிறது. நீட்டிய கை அவளை நோக்கி வருகிறது. அழைப்பா, விடைபெறுவதா, பிச்சையா என்று தெரியாத ஒரு கை. சிலை மெல்லத் திரும்பி, கட்டடங்களுக்கு நடுவே மறைகிறது.

ஃபெல்லினிக்குச் செய்யப்பட்ட வணக்கம் இது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு வேறுபாடுதான் முக்கியமாகப் படுகிறது. ஃபெல்லினியிடம் சிலை வாடிகனுக்கு வந்துகொண்டிருக்கிறது, இங்கே போய்க்கொண்டிருக்கிறது. அங்கே கேட்பதற்கு ஒரு கேள்வியும் அதைக் கேட்கப் பெண்களும் இருந்தார்கள். இங்கே தாய் எதையும் கேட்பதில்லை. அவள் வாழ்நாள் முழுக்க நம்பிய ஒன்று கயிற்றில் தொங்குவதை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறாள். உண்மையில் அது எப்போதுமே ஏதோ ஒரு கயிற்றில்தான் நின்றுகொண்டிருந்தது.

இந்தப் படத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. கோக-கோலா பேனரை அம்மாவுக்கு மகன் விளக்கிவிட முடிகிறது. வார்த்தைக்கு வார்த்தையால் பதில் சொல்லலாம், பொய்யையாவது சொல்லலாம். லெனினின் கைக்கு அவனால் எந்த விளக்கமும் உடனே தர முடியவில்லை. உடல் போன்ற ஒன்று தொங்கிக்கொண்டு போவதைப் பார்த்தவரிடம் வாதம் எடுபடாது.

நிஜ பெர்லினில் இவ்வளவு கவித்துவம் இருக்கவில்லை. அங்கே லெனின் சதுக்கத்தில் நின்ற 19 மீட்டர் உயரக் கிரானைட் சிலையை 1991 நவம்பரில் துண்டு துண்டாகப் பிரித்து, லாரியில் ஏற்றிப்போய், ஊருக்கு வெளியே காட்டில் புதைத்தார்கள். அந்தச் சிலைக்குப் பிறகு வருகிறேன்.

5

இப்போது கொடி. இது கொஞ்சம் கஷ்டமான இடம்.

குடியரசு தினத்தன்று டெல்லியில் Mi-17 ரக ஹெலிகாப்டர்கள் தேசியக்கொடியையும் முப்படைகளின் கொடிகளையும் தொங்கவிட்டபடி அணிவகுத்து வருவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பூவும் தூவுவார்கள். சிங்கப்பூரில் தேசிய நாள் அணிவகுப்பில் இரட்டைச் சுழலி கொண்ட சினூக் ஹெலிகாப்டர் அவர்களுடைய சிவப்பு வெள்ளைக் கொடியைச் சுமந்து வரும். நம்முடைய கொடி விதித்தொகுப்பு (2002) கொடியின் மேல் எந்த எழுத்தும் எழுதக் கூடாது, அதை எந்த விளம்பரத்துக்கும் பயன்படுத்தக் கூடாது என்கிறது. நல்ல விதி. விளம்பரத் துணிக்கும் கொடிக்கும் நடுவே சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. ஆனால் கொக்கிக்கு அந்தக் கோடு தெரியாது. அதே வடம், அடியில் அதே எடை, அதே சாய்வுக் கணக்கு.

வேலை விஷயமாகச் சில வருடம் சிங்கப்பூரில் இருந்தேன். தேசிய நாளுக்கு முந்தைய வாரங்களில் சனிக்கிழமை தோறும் ஒத்திகை நடக்கும். முதல்முறை அந்தக் கொடி அடுக்குமாடிகளுக்கு மேலே மெதுவாக நகர்ந்ததைப் பார்த்தபோது, அது என் நாட்டுக் கொடி அல்ல என்றபோதும், உடம்பு சிலிர்த்தது. சும்மா சொல்லக் கூடாது, அழகு அது. சுற்றிலும் எல்லாரும் கைப்பேசியைத் தூக்கிவிட்டார்கள். எனக்குப் பக்கத்தில் நின்றவர் மட்டும் கையைப் புருவத்துக்கு மேல் வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கட்டுமானத் தளத்தில் கிரேன் தூக்கும் சுமைகளுக்குக் கயிறு கட்டுகிற ரிக்கர் வேலை, சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம் என்று பிறகு சொன்னார்.

“அடியில வெயிட்டு போட்ருக்கான் பாருங்க தம்பி,” என்றார். “அது இல்லேன்னா சுருட்டிக்கும்.”

“எவ்ளோ இருக்கும்ண்ணே?”

“அத இங்கேர்ந்து எப்புடிச் சொல்றது? ஆனா நல்லாக் கட்டிருக்கான். சுத்தவே இல்ல பாருங்க. கட்டுனவன் கை தெரிஞ்ச ஆளு.”

அன்று வானத்தைப் பார்த்த எத்தனையோ பேரில் அந்தக் கொடியை முழுமையாகப் படித்தவர் அவர் என்றுதான் எனக்குத் தோன்றியது. நாங்கள் துணியைப் பார்த்தோம். அவர் கட்டியவனைப் பார்த்தார். அவருக்குக் கொடியின் மேல் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. மரியாதை கொஞ்சம் தள்ளி, முடிச்சுப் போட்ட ஒரு கைவரை நீண்டது, அவ்வளவுதான்.

கொடி பறக்கும் சடங்கின் மேல் எனக்குள்ள விமர்சனமும் இதுதான். அது உணர்ச்சியைத் தூண்டுகிறது என்பது குறையல்ல, கலையும் அதைத்தானே செய்கிறது. தொலைக்காட்சிச் சட்டகம் கீழேயுள்ள எடையைப் பெரும்பாலும் வெட்டிவிடுகிறது. வர்ணனையாளரின் குரல் சுழலியின் சத்தத்தை மூடிவிடுகிறது. மிச்சம் இருப்பது தானாகப் பறக்கும் ஒரு தேசம். பக்திப்படத்துக் கிறிஸ்துவைப் போலவே. கம்பத்தில் ஏறும் கொடியில் இந்தப் பிரச்சினை குறைவு. அங்கே கயிறு நம் கண்ணெதிரிலேயே இருக்கிறது, இழுப்பவர் ஒரு மனிதர், முடிச்சு சிக்கிக்கொண்டால் எல்லாரும் சேர்ந்து சங்கடப்படுகிறோம். அந்தச் சங்கடத்தில் ஒரு ஜனநாயகம் இருக்கிறது.

6

சரி, அரசும் நிறுவனமும் மட்டும்தானா? வாடகைக்கு எடுத்தால் வானம் யாருக்கும் கிடைக்கும். 2019 உலகக் கோப்பை கிரிக்கெட்டின்போது இங்கிலாந்தின் ஹெடிங்லி மைதானத்தின் மேல் இது நடந்தது. ஜூன் 29, பாகிஸ்தான் - ஆப்கானிஸ்தான் ஆட்டத்தில் பலூசிஸ்தானுக்கு நீதி கேட்கும் பேனரை ஒரு விமானம் இழுத்துப் போனது. ஜூலை 6, இந்தியா - இலங்கை ஆட்டத்தில் காஷ்மீருக்கு நீதி கேட்கும் பேனர். ஒரே மைதானம், ஒரு வார இடைவெளி. கொக்கி இரண்டு தரப்பையும் பாகுபாடு பார்க்காமல் தூக்கியது. பிறகு மான்செஸ்டரில் நடந்த இந்தியாவின் அரையிறுதிக்கு வான்வெளியே மூடப்பட்டது.

அடுத்த ஆண்டு, 2020 ஜூன் 22, மான்செஸ்டரில் கால்பந்தாட்டம். ‘கறுப்பினத்தவர் உயிரும் முக்கியம்’ என்ற இயக்கத்துக்கு ஆதரவாக வீரர்கள் மண்டியிட்டார்கள். மேலே, அந்த முழக்கத்தைத் திருகி ‘வெள்ளையர் உயிர் முக்கியம்’ என்று எழுதிய பேனரோடு ஒரு விமானம் சுற்றியது. பர்ன்லி அணி நிர்வாகமே அதைக் கண்டித்தது. குற்றம் எதுவும் நடக்கவில்லை என்று காவல்துறை சொன்னது. இதில் என்னை உறுத்தும் விவரம் ஒன்று உண்டு: கொரோனா காலம் என்பதால் அன்று மைதானத்தில் பார்வையாளர்களே இல்லை. காலி இருக்கைகளுக்கு மேலே எதற்கு எழுத வேண்டும்? கேமராவுக்காக. வானத்து எழுத்தின் வாசகர் தரையிலிருந்து கிளம்பித் திரைக்குள் போய் வெகுகாலமாகிவிட்டது. விமானம் இப்போது ஒரு புகைப்படம் எடுக்கப்படுவதற்கான சாக்கு. இரண்டாவது ஹெலிகாப்டரில் பாப்பராஸோவை ஏற்றியபோதே ஃபெல்லினி இதைப் பார்த்துவிட்டார்.

இதற்கு எதிர்த்திசையில் நகர்ந்த ஒரு முயற்சியும் அதே ஆண்டு ஜூலையில் நடந்தது. அமெரிக்காவில் காசில்ஸ், ரஃபா எஸ்பார்ஸா என்ற இரு கலைஞர்கள் முன்னின்று நடத்திய ‘இன் ப்ளெய்ன் சைட்’. 80 கலைஞர்களின் வாசகங்களை, குடியேறிகளை அடைத்து வைத்திருக்கும் தடுப்பு முகாம்கள் போன்ற இடங்களுக்கு மேலே, விமானங்கள் புகைப்புள்ளிகளால் எழுதின. படங்கள் இதிலும் இணையத்தில் பரவத்தான் செய்தன. ஆனால் முதல் வாசகராக உத்தேசிக்கப்பட்டவர் கூரைக்கும் வேலிக்கும் நடுவே ஒரு துண்டு வானம் மட்டும் தெரிகிறவர். அவருக்கு வானம் விளம்பரப் பலகை இல்லை, ஒரே ஜன்னல். எழுத்து சில நிமிடங்களில் கலைந்துவிடும் என்பது இங்கே பலவீனமாக இல்லாமல் போகிறது. உள்ளே இருப்பவருக்கு எல்லாச் செய்தியும் அப்படித்தானே வருகிறது.

அப்படியானால் நல்ல நோக்கத்துக்கு வானத்தைத் தரலாம், கெட்ட நோக்கத்துக்கு மறுக்கலாமா? ஹொனலுலு நகரம் இதற்கு ஒரு கறாரான பதில் வைத்திருக்கிறது: வானத்தில் விளம்பரமே கூடாது, பேனர் இழுக்கும் விமானங்களே கூடாது. கருக்கலைப்புக்கு எதிரான அமைப்பு ஒன்று கருத்துரிமை பேசி வழக்குப் போட்டது. 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. தடை எந்தக் கருத்தின் மேலும் அல்ல, எல்லா பேனர்கள் மேலும். விரலால் தள்ள முடியாத பேனரை ஓர் ஊரே சேர்ந்து தள்ளிவிட்டது என்று எனக்குப் படுகிறது. இதில் எதிர்ப்பின் குரலும் சேர்ந்து போய்விடுகிறது என்பது உண்மையான இழப்பு. ஆனால் கடற்கரையில் மல்லாந்து படுத்திருக்கும் ஒருவரை யாரும் எதுவும் சொல்லித் தொந்தரவு செய்யாமல் இருப்பதும் ஓர் உரிமைதான் என்று ஒரு நகரம் நினைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. செப்டிமஸுக்கு அப்படி ஒரு வானம் கிடைத்திருந்தால் என்று யோசித்துப் பார்க்கிறேன். அவனுக்கு அந்தக் கண்ணீரும் கிடைத்திருக்காதே என்றும் தோன்றுகிறது. என்னால் இந்த இடத்தைத் தீர்த்துவைக்க முடியவில்லை.

7

அண்ணாந்து பார்ப்பதில் ஒரு சின்ன ஆபத்து இருக்கிறது. கழுத்து பின்னால் சாயும்போது காலடி தெரியாது. 2024 அக்டோபர் 6, சென்னை மெரினாவில் விமானப்படையின் 92ஆம் ஆண்டையொட்டிய வான் சாகசக் காட்சி. லட்சக்கணக்கான மக்கள் கூடினார்கள். வெயிலும் நெரிசலுமாக அன்று ஐந்து பேர் இறந்துபோனார்கள். மேலே இருந்தவர்கள் தங்கள் வேலையைத் துல்லியமாகச் செய்தார்கள். தண்ணீரும் நிழலும் வீட்டுக்குப் போக வழியும் கீழே இருக்க வேண்டிய விஷயங்கள். அந்தக் காட்சியைப் படமெடுத்த எத்தனையோ காணொளிகளில் கேமரா மேல் நோக்கியே இருக்கிறது. சட்டகத்தின் கீழ் விளிம்பில் எடை வெட்டுப்படுவதைப் பற்றிச் சொன்னேனே, அதன் இன்னொரு பெயர் இது.

அதனால்தான் இந்த அளவுகோலை வெறும் அழகியல் விளையாட்டாக என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. கயிறு தெரிகிறதா என்று கேட்பது, யார் தூக்குகிறார்கள், யார் கட்டினார்கள், எடை எங்கே இறங்குகிறது என்று கேட்பது. ஃபெல்லினி காட்டினார். வுல்ஃப் இன்ஜினின் சத்தத்தைக் கேட்கவைத்தார். பெக்கர் நீட்டிய கையைத் திருப்பி நம் பக்கம் காட்டினார். மன்னார்குடிக்காரருக்கு யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை.

காட்டில் புதைத்த லெனினின் தலையை 2015இல் தோண்டி எடுத்தார்கள். மூன்றரை டன் எடை. இப்போது பெர்லினின் ஷ்பாண்டாவ் கோட்டையில், இடம் இழந்த நினைவுச் சின்னங்களுக்கான கண்காட்சியில் அது இருக்கிறது. நிமிர்த்தி வைக்கவில்லை, ஒருக்களித்துத்தான் கிடக்கிறது. வருகிறவர்கள் பக்கத்தில் போய் நிற்கலாம். அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை, குனிந்தால் போதும். உச்சந்தலையில் இரும்புக் கம்பிகள் துருத்திக்கொண்டிருக்கின்றன. தூக்குவதற்காக அடித்தவை. யாரும் அவற்றை அறுத்துச் சீராக்கவில்லை.